கமக்காரர் மனையிற் குழந்தைகளின் உடல்நலம் பேணல்

அக்கராயன் விவசாயப் போதனாசிரியர் எழுதியது

நாற்றும் குழந்தையும்

மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளுக்குக் கமக்காரர் பந்தலிடுகின்றனர். கடும் வெயிலும் பெருமழையும் இளநாற்றைத் தாக்காதவாறு மேலே கிடுகு பரப்புகின்றனர். பூவாளியால் மெல்லென நீர் தெளிக்கின்றனர். அதே செடி தோட்டத்தில் வேரூன்றி வளர்ந்தபின் வெயிலையும் காற்றையும் தானே தாங்கிக்கொள்ளும். முற்றிய செடி தாங்குவதை நாற்றுத் தாங்காது என்பது கமத்தொழில் செய்வோர் யாவரும் அறிந்த உண்மையாகும்.

இவ்வுண்மை எமது குழந்தைகளுக்கும் முற்றாகப் பொருந்தும். தந்தைக்குத் தலையிடியை மாத்திரம் உண்டாக்கும் அளவு நஞ்சு, மூன்று வயதுக் குழந்தையின் உயிரைப் போக்கக்கூடும். தாயாருக்கு எத்தீங்கும் செய்யாத கிணற்று நீர், கைக்குழந்தைக்குக் கேடு விளைவித்தல் கூடும். வளர்ந்தவர் நிழலிலிருந்து ஆற்றிக்கொள்ளும் வெப்பத்தைச் சிறுபிள்ளை ஆற்றிக்கொள்ளமாட்டாது. நாற்றுக்குப் பந்தலிடும் நாம் குழந்தைக்கும் ஒரு பந்தலிடல் வேண்டும். அப்பந்தல், வயலில் இருக்கவேண்டியதை வயலிலும் வீட்டில் இருக்கவேண்டியதை வீட்டிலும் வைக்கும் ஒழுங்கேயாகும்.

இதனை எழுதுபவரின் சிறுவயதில் நிகழ்ந்த ஒன்றை இங்கு கூறுதல் பொருத்தமாகும். எங்கள் வீட்டிற் கத்தரிக்கு அடித்து எஞ்சிய மருந்தை என் தந்தையார் ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, மாலின் இறப்பிற் செருகி வைத்திருந்தார். ஒருநாட் காற்றில் அது கீழே விழுந்தது. மூன்று வயதினனாயிருந்த என் தம்பி அதனை எடுத்து மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டான். அடுக்களையிலிருந்து ஓடிவந்த தாயார் தட்டிவிட்டமையாற் சில துளிகளே உட்சென்றன. ஆயினும் வைத்தியசாலையை அடைவதற்குள் அவன் வாயில் நீர் வடிந்தது. கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கியது. சைக்கிளில் வைத்து அவனைக் கொண்டுசென்ற தந்தையார் வழிநெடுக ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான். என் தந்தையார் கவலையீனமான மனிதரல்லர். தமது பயிரை அருமையாகக் காத்தவர். அவருக்குக் குறைவாயிருந்தது அன்பன்று, ஒழுங்கான பழக்கமே. அப்பழக்கத்தை உண்டாக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

குழந்தை எளிதிற் பாதிக்கப்படுவதேன்?

இதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, குழந்தை தன் நிறைக்கு ஒப்பிடுமிடத்து வளர்ந்தவரிலும் மிகுதியாக அருந்துகின்றது, மிகுதியாகச் சுவாசிக்கின்றது. பிறந்து சில மாதங்களான குழந்தை, தன் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் பால் அருந்தும். 60 கிலோகிராம் நிறையுள்ள கமக்காரர் ஒருவர் இதே விகிதப்படி அருந்துவதாயின், நாளொன்றுக்கு 9 லீற்றர் அருந்தவேண்டும். ஆகவே, நீரிற் கலந்துள்ள தீயபொருள் எதுவாயினும் குழந்தையின் உடலிற் பன்மடங்கு செறிவாகச் சேர்கின்றது.

இரண்டாவது, குழந்தை தவழ்கின்றது, நிலத்தில் விளையாடுகின்றது, கையிற் கிடைத்ததை வாயில் வைக்கின்றது. வளர்ந்தவரின் காலடியிற் கிடக்கும் நஞ்சு, குழந்தையின் கையிற் கிடக்கின்றது.

மூன்றாவது, நஞ்சை முறித்து வெளியேற்றும் ஈரலும் சிறுநீரகமும் குழந்தையில் முழு வலிமை பெற்றிருப்பதில்லை. மூளையும் நரம்புகளும் வளர்ந்துகொண்டேயிருக்கும் பருவம் அது. அக்காலத்தில் ஏற்படும் கேடு சிலவேளை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். கருவிலிருக்கும் குழந்தைக்கும் இது பொருந்துமாதலாற் கர்ப்பிணித் தாய்மார் மருந்து கலத்தலையும் அடித்தலையும் முற்றாகத் தவிர்த்தல் வேண்டும்.

போத்தலால் வரும் கேடு

கமக்காரர் மனைகளிற் குழந்தைகளுக்கு நேரும் நஞ்சூட்டங்களுக்குக் காரணங்களுள் ஒன்று, மருந்தை அதற்குரிய கொள்கலத்தினின்றும் வேறொன்றிற்கு மாற்றி வைத்தலாகும். சோடாப் போத்தல், சாராயப் போத்தல், தேன் போத்தல், யோகற் கோப்பை ஆகியவற்றை உணவுக்குரியனவாகவே குழந்தை அறியும். அதில் எழுதப்பட்டிருப்பதை வாசிக்க அதற்குத் தெரியாது.

வெறுமையாகிய மருந்துக் கொள்கலத்தில் உணவுப்பொருளை வைத்தலும் இதே அளவு கொடியதாகும். 2013ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள், இந்தியாவின் பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு உண்ட மாணவரில் 23 பேர் இறந்தனர். அவ்வுணவைச் சமைத்த எண்ணெயில் மொனோகுரோட்டோபொஸ் என்னும் பூச்சிநாசினி கலந்திருந்தமை பரிசோதனையிற் கண்டறியப்பட்டது. முன்னர் நஞ்சிருந்த கொள்கலத்தில் எண்ணெயை வைத்தமையே இதற்குக் காரணமெனக் கருதப்பட்டது. ஒரு கொள்கலம், ஒரு வேளை உணவு. இருபத்து மூன்று உயிர்களின் இழப்பு. எத்தனை முறை கழுவினாலும் மருந்துக் கொள்கலம் உணவுக் கொள்கலமாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இலங்கையில் மொனோகுரோட்டோபொஸ் 1995ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் தடைசெய்யப்பட்டன. பரகுவாற்று, டைமெதோவேற்று, பென்தியோன் ஆகியவை 2008ஆம் ஆண்டு தொடக்கம் 2011ஆம் ஆண்டுவரை படிப்படியாக நீக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற மருந்துகளே இந்நாட்டில் விற்பனை செய்யப்படலாம். பதிவிலக்கமும் தமிழில் விவரச்சீட்டும் இல்லாத மருந்தை, மலிவாகக் கிடைப்பினும் வாங்குதலாகாது. அதனுள் என்ன நஞ்சு உள்ளதென்பது தெரியாவிடின், ஆபத்து நேரும்போது வைத்தியருக்கும் உரிய சிகிச்சையைத் தெரிவு செய்தல் கடினமாகும்.

மருந்தைக் களஞ்சியப்படுத்தும் முறைகள் பின்வருமாறு:

1. ஒரு முறை அடிப்பதற்குத் தேவையான அளவே வாங்குக. வீட்டில் எஞ்சாத மருந்தே மிகப் பாதுகாப்பான மருந்தாகும்.

2. எஞ்சியதை அதன் சொந்தக் கொள்கலத்திலேயே, விவரச்சீட்டுக் கிழியாது, மூடி இறுக்கி வைத்திடுக.

3. படுக்கையறை, அடுக்களை, நெல் அடுக்கிய இடம் ஆகியவற்றில் வையற்க. வீட்டிற்குப் புறம்பான கொட்டிலில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மரப்பெட்டியொன்றில் வைத்து ஆமைப்பூட்டிட்டுத் திறப்பை வளர்ந்தவர் ஒருவர் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும்.

4. வெறுமையான போத்தலை மும்முறை நீர்விட்டு அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுக. பின்னர் போத்தலைத் துளையிட்டுப் பயனற்றதாக்குக. சேகரிக்கும் ஏற்பாடு உள்ள இடத்தில் ஒப்படைக்குக. வயல் வரம்பிலோ வாய்க்காலிலோ எறியற்க, அடுப்பில் எரியற்க. துளையிடாது எறிந்த போத்தலில் மழைநீர் தேங்குமாயின், நஞ்சுடன் நுளம்பும் வந்து சேரும்.

பூட்டிய பெட்டி சிறுகுழந்தையின் கையைத் தடுக்கும். ஆயினும் அது மாத்திரம் போதுமானதென எண்ணற்க. வட மத்திய மாகாணக் கிராமங்களில் நடத்தப்பெற்று 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற பேராய்வொன்று, மனத்துயரால் நஞ்சருந்த முற்படுவோரைப் பூட்டுப்பெட்டிகள் தடுக்கவில்லையெனக் காட்டியது. கொடிய நஞ்சுகளைச் சந்தையினின்றும் நீக்கியமையே இந்நாட்டிற் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. குமரப்பருவப் பிள்ளைகளுள்ள வீட்டில், கோபமோ துயரமோ வந்த ஒரு கணத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருத்தல் பேருதவியாகும். ஆதலால் மருந்தை வீட்டில் வையாதிருத்தலே முதல் விதி. வைக்க நேரின் பூட்டி வைத்தல் இரண்டாம் விதி.

உடையாலும் காற்றாலும் வரும் கேடு

மருந்தடித்துவிட்டு வீடு திரும்பும் தந்தையை நோக்கிக் குழந்தை ஓடிவரும். அவர் அதனைத் தூக்கி அணைப்பார். அவரது சட்டையிலும் கைகளிலும் மருந்து படிந்திருக்கும். இதனால் நாளடைவில் விளையும் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, படலையைத் தாண்டி வீட்டினுட் செல்லுமுன், புறம்பான இடத்தில் உடை களைந்து, சவர்க்காரமிட்டுக் குளித்து, மாற்றுடை அணிந்தபின்னரே குழந்தையைத் தொடுதல் வேண்டும். அவ்வுடையைக் குழந்தையின் துணிகளுடன் சேர்த்துத் தோய்த்தலாகாது. தோய்ப்பவர் கையுறை அணிதல் நன்று. தோய்த்த நீரைக் கிணற்றடியில் ஊற்றலாகாது.

காற்றும் நஞ்சைச் சுமந்து செல்லும். கேரள மாநிலத்துக் காசர்கோடு மாவட்டத்தில், மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கு எண்டோசல்பான் 1970களின் பிற்பகுதி தொடக்கம் 2000ஆம் ஆண்டுவரை ஆகாயமார்க்கமாகத் தெளிக்கப்பட்டது. அயற் கிராமங்களிற் பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் கொண்ட குழந்தைகள் பலர் காணப்பட்டனர். நீண்ட போராட்டத்தின்பின், 2011ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்நாசினியைத் தடைசெய்தது. அக்குழந்தைகள் தோட்டத்துக்குட் சென்றவரல்லர். காற்றும் நீரும் அவர்களிடம் சென்றன.

எமது பகுதியிற் சிறுபோகச் செய்கை நடக்கும் மாதங்கள் சோளகக்காற்று வலிந்து வீசும் மாதங்களாகும். அக்காலத்தில் நண்பகலில் அடிக்கும் மருந்திற் பெரும்பகுதி பயிரிற் படிவதில்லை. அயல் வளவுக்கும் பாடசாலை வழிக்கும் செல்கின்றது. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையிலேயே அடித்திடுக. வீட்டை நோக்கிக் காற்று வீசுமாயின் அன்றைய வேலையைப் பிற்போடுக. அயல்வீட்டாருக்கு முன்கூட்டியே அறிவித்து, பிள்ளைகளையும், உலரப்போட்ட துணிகளையும், மூடாத நீர்ப்பாத்திரங்களையும் உள்ளே எடுப்பிக்குக. பதினெட்டு வயதிற்குட்பட்ட எவரையும் மருந்து கலக்கவோ, அடிக்கவோ, தெளிகருவியைக் கழுவவோ விடுதலாகாது. தண்ணீர் அள்ளிக் கொடுத்தற்கும் பிள்ளையை அழைத்துச் செல்லற்க.

மரக்கறி செய்வோர் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு மருந்தின் விவரச்சீட்டிலும், அடித்தபின் எத்தனை நாட் கழித்து அறுவடை செய்யலாமென எழுதப்பட்டிருக்கும். பயற்றையும் தக்காளியும் இரண்டொரு நாளில் முற்றிவிடுமென அஞ்சி இவ்விடைவெளியைக் குறைப்போர் உளர். குழந்தைகள் தோட்டத்தில் நின்றே தக்காளியைப் பறித்துண்பர். அடித்த பாத்தியின் தலைமாட்டிற் சிவப்புத் துணி கட்டிய கம்பொன்றை நாட்டி, அத்துணி அவிழ்க்கப்படும்வரை அப்பாத்தியில் எவரும் பறிக்கக்கூடாதெனப் பிள்ளைகளுக்குப் பழக்குக. சந்தைக்கு அனுப்பும் மரக்கறியையும் எவர் வீட்டுக் குழந்தையோ உண்ணுமென்பதை மறவற்க.

மருந்தின் தேவையையே குறைத்தல் இவையனைத்திலும் சிறந்தது. நெல்லின் இளம்பருவத்தில் இலையைச் சுருட்டும் புழுவைக் கண்டவுடன் மருந்தடித்தல் பெரும்பாலும் வீண்செலவாகும். அப்பருவத்துப் பயிர் இழந்த இலையை ஈடுசெய்துகொள்ளும். அவசரப்பட்டு அடிப்பதால் வயலிலுள்ள சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடிய, பின்னர் கபிலநிறத் தத்தி பெருகுகின்றது. வயலைக் கிழமைக்கொருமுறை சுற்றிப் பார்த்து, பூச்சியின் தொகை பொருளாதார நட்டத்தை உண்டாக்கும் எல்லையை அடைந்தாலன்றி அடியற்க. ஐயமேற்படின் 1920 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியிற் பேசி, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

கிணற்றால் வரும் கேடு

நைதரசன் பசளை நிலத்திற் கரைந்து நைத்திரேற்று என்னும் உப்பாக மாறும். பயிர் உறிஞ்சியது போக எஞ்சியது நீருடன் கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. மலசலகூடக் குழியும் எருக்கும்பியும் இதனையே செய்கின்றன. இவ்வுப்பிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமிற்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பிரதேசத்தில், வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் நெருக்கமாகச் செய்யப்படும் இடங்களிற் பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளிற் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

இந்நீரிற் கரைத்த மாப்பாலை அருந்தும் கைக்குழந்தையின் குருதி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். அப்போது குழந்தையின் உதடும் நகமும் நீலம்பூக்கும். நீரைக் கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றே கூடும். இதற்கு எளிய காப்பு, முதல் ஆறு மாதங்களும் தாய்ப்பாலை மாத்திரம் ஊட்டுதலாகும். மாப்பால் கொடுக்க நேரின், கிணற்று நீரின் தகுதியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் அறிந்தபின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

வன்னியின் மண்ணும் பாறையும் யாழ்ப்பாணத்தினின்றும் வேறுபட்டவையே. ஆயினும் ஆழமற்ற கிணற்றையும், அதனை ஒட்டிய தோட்டத்தையும், அளவிற்கு மிஞ்சிய பசளையையும் ஒருங்கே கொண்ட வளவு எவ்விடத்திலிருப்பினும் ஆபத்தை நோக்கியே செல்லும். குளத்து நீர் குறையுங் காலத்திற் கிணற்று நீரை இறைத்து மரக்கறி செய்யும் வழக்கம் எம்மிடையே பெருகிவருகின்றது. அவ்வாறு செய்வோர் கவனிக்கவேண்டியவை:

1. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அதனை ஒரேமுறையில் இடாது, சிபாரிசு செய்த அளவைப் பலமுறையாகப் பிரித்து இடுக. நெல்லுக்கு இலை வர்ண அட்டையைப் பார்த்து இடுதல் நன்று. பெருமழை வருமெனக் காணப்படின் இடற்க.

2. குடிகிணற்றைச் சுற்றிச் சில பாகம் நிலத்தைப் பசளையும் மருந்தும் இடாது விடுக. அங்கு பூமரமோ வாழையோ நிற்கலாம்.

3. கிணற்றுக்குக் கட்டும் மேற்றளமும் அமைத்து, வாயை மூடுக. மலசலகூடக் குழி குறைந்தது 50 அடி தூரத்திலாவது இருத்தல் வேண்டும்.

4. தெளிகருவியைக் கிணற்றடியிலோ குளக்கரையிலோ கழுவற்க. மருந்து கலந்த வாளியைக் கிணற்றில் இறக்கற்க.

வெப்பத்தால் வரும் கேடு

உலக வானிலை நிறுவனத்தின் கணிப்பின்படி, 2024ஆம் ஆண்டே பதிவுகளில் மிக வெப்பமான ஆண்டாகும். அவ்வாண்டின் சராசரி வெப்பநிலை, கைத்தொழில் வளர்ச்சிக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரிப்பதால் வளிமண்டலத்திற் சேரும் கரியமிலவாயுவே இதற்கு முதன்மைக் காரணம். இவ்வுயர்வு சிறிதெனத் தோன்றினும், அதன் விளைவைக் கமக்காரர் கண்ணாரக் காண்கின்றனர்: வரட்சி நீள்கின்றது, மழை வரும்போது ஒருங்கே கொட்டுகின்றது.

சிறுபிள்ளையின் உடல் விரைவிற் சூடேறும். தாகமெடுப்பதை விளையாட்டில் மறந்துவிடும். ஆதலால் முற்பகல் 11 மணி தொடக்கம் பிற்பகல் 3 மணிவரை பிள்ளைகளை வயலிலோ களத்திலோ நிறுத்தலாகாது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையுடன் ஒரு போத்தல் நீர் அனுப்புக. தாகம் வருமுன்னரே குடிக்கப் பழக்குக. தகரக் கூரையின்கீழ்த் தொட்டில் கட்டற்க. கிடுகு வேய்ந்த பத்தியும் வேம்பின் நிழலும் மிகுந்த குளிர்ச்சி தரும். வெயிலில் நிறுத்திய வாகனத்தினுட் குழந்தையை ஒரு கணமும் விட்டுச்செல்லற்க. பிள்ளை சோர்ந்து, தலைசுற்றி, வாந்தியெடுக்குமாயின் நிழலிற் கிடத்தி, உடைதளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுக; நினைவிருப்பின் நீர் பருகக் கொடுக்குக. உடல் கொதித்து நினைவு தடுமாறுமாயின், உடலைக் குளிர்வித்துக்கொண்டே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

வட மத்திய மாகாணத்திலும், வவுனியாவை உள்ளிட்ட அயற் பகுதிகளிலும், 1990களின் நடுப்பகுதி தொடக்கம் கமக்காரரைப் பீடித்துவரும் சிறுநீரக நோய் யாவரும் அறிந்ததே. அதன் காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. கிணற்று நீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள், வெப்பத்தில் நீரருந்தாது உழைத்தல் என்பன ஆராயப்படுவனவற்றுட் சில. காரணம் எதுவாயினும், இளமையிலேயே நல்ல நீரைப் போதிய அளவு அருந்தும் பழக்கம் பிள்ளைகளுக்கு நன்மையே பயக்கும்.

வெள்ளத்தால் வரும் கேடு

2018ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருவெள்ளம் பரவியதை எவரும் மறந்திரார். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், நாடு முழுவதிலும் வெள்ளத்தையும் மண்சரிவையும் உண்டாக்கியது. வெள்ளம் வயலை அழிப்பதுடன் நிற்பதில்லை. வயலின் மருந்தையும், மலக்குழியின் கிருமியையும், எலியின் சிறுநீரையும் கிணற்றிலும் முற்றத்திலும் சேர்த்துவிடுகின்றது.

எனவே, காலபோக மழை தொடங்குமுன்னரே மருந்துப் பெட்டியையும் பசளை மூடைகளையும் வெள்ளம் எட்டாத உயரத்திற்கு மாற்றுக. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் அளவிற் குளோரீன் இட்டபின்னரே பயன்படுத்துக. அதுவரை வேறிடத்து நன்னீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குக. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்து, தாய்ப்பாலையும் நிறுத்தாது ஊட்டி, வைத்தியரிடம் காட்டுக.

2024ஆம் ஆண்டு டிசெம்பரில், பெருமழையின் பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பலிகொண்டது. காலிற் புண்ணுள்ள பிள்ளைகளைச் சேற்றிலும் வாய்க்காலிலும் விளையாட விடலாகாது. வெள்ளத்தின்பின் காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் காணப்படின், வீட்டு வைத்தியத்திற் காலங்கழியாது வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலை செய்வோருக்குச் சுகாதாரப் பகுதியினர் தடுப்பு மாத்திரை வழங்குவர். அதனைத் தாமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தலாகாது. மேலும், வன்னி மண்ணில் வெள்ளம் வடிந்தபின் பழைய வெடிபொருட்கள் வெளிப்படுதல் கூடும். அறியாத உலோகப் பொருளைத் தொடாது, எறியாது, பெரியவரிடம் வந்து கூறும்படி பிள்ளைகளுக்குப் பழக்குக. பெரியவர் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

நஞ்சு உட்சென்றாற் செய்யவேண்டியவை

வாயில் நீர் வடிதல், வியர்த்தல், கண்மணி சுருங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை பூச்சிநாசினி நஞ்சின் அறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்றேனும் காணப்படினும், எவ்வறிகுறியுமின்றி நஞ்சு உட்சென்றதென ஐயுறினும், தாமதியற்க.

1. வாந்தியெடுக்கச் செய்யற்க. உப்புநீர், பால், முட்டை, எண்ணெய் எதனையும் கொடாதொழிக.

2. மருந்து பட்ட உடையைக் களைந்து, தோலைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டிருப்பின் பதினைந்து நிமிடமாவது நன்னீர் ஊற்றிக் கழுவுக.

3. நினைவற்ற குழந்தையை ஒருபுறமாகச் சரித்துக் கிடத்துக.

4. 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து இலவச நோயாளர் காவு வண்டியைப் பெறுக. அது வரத் தாமதமாகுமாயின் கிடைத்த வாகனத்திற் செல்க.

5. மருந்துப் போத்தலை விவரச்சீட்டுடன் கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுக. நேர்ந்ததை மறையாது கூறுக. ஏச்சுக்கு அஞ்சி மறைத்தால் குழந்தையே பலியாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

மருந்தை வீட்டில் வையற்க; வைக்க நேரின் பூட்டி வைக்குக. உணவுப் போத்தலில் மருந்தையும், மருந்துப் போத்தலில் உணவையும் ஒருபோதும் ஊற்றற்க. குளித்தபின்னரே குழந்தையைத் தூக்குக. காற்றடங்கிய வேளையில் அடித்திடுக. கிணற்றைச் சுற்றிய நிலத்தைத் தூய்மையாய் விடுக. வெயிலில் நீரும் நிழலும் கொடுக்குக. வெள்ளத்திற்கு முன்னரே ஆயத்தமாகுக.

இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பணம் தேவையில்லை. ஒரு மரப்பெட்டி, ஓர் ஆமைப்பூட்டு, ஒரு சவர்க்காரக் கட்டி, சிறிது பொறுமை ஆகியவையே வேண்டுவன. இப்பிரசுரத்தை வாசித்து முடித்தவர், இன்று மாலையே தமது வீட்டையும் மாலையும் கிணற்றடியையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராக. நிலத்தில் அமர்ந்து, தவழும் குழந்தையின் கண் உயரத்தினின்று நோக்குவாராக. அவ்வுயரத்திற் கைக்கெட்டும் போத்தல் ஒன்று இருப்பின், இரவு வருமுன் அதனை அகற்றிவிடுவாராக.